சின்னக் கடற்கரை ஊரில் காசு செலவில்லாமல் என்ன பார்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரச் சிற்றூருக்குப் போகிறவர்களில் பலர் முதல் நாள் சாயங்காலமே "பார்த்தாச்சு, அடுத்து என்ன?" என்று கேட்டுவிடுகிறார்கள். மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், கால் நனைத்தார்கள், படம் எடுத்தார்கள், முடிந்தது. ஆனால் கடற்கரை ஒரே இடமாக இருப்பதில்லை. காலை ஆறு மணிக்குப் பாறைகள் விரிந்து கிடந்த இடம் பகல் பன்னிரண்டுக்கு ஆள் உயரத் தண்ணீர். பகலில் வெறும் சேறாகத் தெரிந்த கழிமுகம் சாயங்காலம் பறவைக் கூட்டம். எங்கே போவது என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது: எத்தனை மணிக்குப் போவது என்று கேளுங்கள். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான்.

கடற்கரை என்றால் எங்குமே இலவசம்தானா?

பெரும்பாலும் ஆம். இந்த எண்ணம் பழையது. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்ட நூல், காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையின் சட்டப்படி எல்லோருக்கும் பொது என்று சொல்கிறது. இன்றும் பல நாடுகளில் ஓதம் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் பகுதி பொதுச்சொத்தாகவே இருக்கிறது. சிக்கல் அதற்குப் பின்னால் உள்ள நிலத்தில்தான். அது தனியாருடையதாக இருக்கலாம். ஆகவே பொதுவழி எது என்று கேட்டுக்கொண்டு அதன் வழியாக இறங்குங்கள். துறைமுகத்தின் வேலியிட்ட பகுதிக்கும் படைத்தளத்தை ஒட்டிய கரைக்கும் போகவே வேண்டாம். கலங்கரை விளக்கத்தில் ஏற, வண்டி நிறுத்த, படகில் போகக் காசு கேட்கலாம்.

புறப்படும் முன் ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால்?

அன்றைய வற்று, அதாவது கடல் மிகத் தாழ இறங்கி நிற்கும் நேரம், எத்தனை மணிக்கு என்பது. அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு பெருக்கிலிருந்து (கடல் மிக ஏறி நிற்கும் நேரம்) அடுத்த வற்றுக்கு ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். சந்திரனும் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்தச் சுற்று முடிய 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அதனால் இன்று காலை 7 மணிக்கு வற்று என்றால் நாளை 7.50-ஐ ஒட்டி. மெக்சிகோ வளைகுடாவின் சில கரைகளில் நாளுக்கு ஒரு முறைதான் ஏற்றமும் இறக்கமும் என்பதால், புதிய இடத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு ஏறும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். மத்தியதரைக் கடலின் பல கரைகளில் ஒரு சாண் இரண்டு சாண்தான். அப்படிப்பட்ட ஊரில் ஓதத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மற்றவற்றைப் பார்க்கலாம்.

ஓத அட்டவணை கையில் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாள்களில் கடல் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் இப்படி. பாதி நிலா நாள்களில் இரண்டும் செங்கோணத்தில் இழுப்பதால் ஏற்றம் இறக்கம் இரண்டுமே குறைவு. பாறைகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பயணத்தை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று உண்டு. ஒரே ஊரில் அந்தப் பெரிய வற்றுகள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். ஆகவே கரையில் தொழில் செய்கிற யாரையாவது கேட்டால் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய அன்றாடமே அதை வைத்துத்தானே நடக்கிறது.

வற்றின்போது பாறைகளில் அப்படி என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கடல் பின்வாங்கும்போது பாறைக் குழிகளில் கொஞ்சம் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு குழியும் ஒரு சிறிய கடல். வற்று உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய், தண்ணீர் இறங்க இறங்கப் பின்தொடருங்கள். திரும்பி ஏறத் தொடங்கியதும் கரைக்கு வந்துவிடலாம்.

முதலில் பாறையைத் தள்ளி நின்று பாருங்கள். கிடைமட்டமாக நிறப்பட்டைகள் தெரியும். மேலே கொட்டலசுகளின் (பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டு உயிர்கள்) சாம்பல் வெள்ளை, அதற்குக் கீழே சிப்பிகள், அடியில் கடற்பாசியின் பச்சையும் பழுப்பும். எந்த உயிர் எத்தனை மணி நேரம் தண்ணீரில்லாமல் தாங்கும் என்பதைப் பாறையே வரைந்து வைத்திருக்கிறது.

பிறகு ஒரு குழியின் ஓரம் உட்கார்ந்து, உங்கள் நிழல் தண்ணீரில் விழாமல் ஐந்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் கல் என்று நினைத்தது நடக்கத் தொடங்கும். நீருக்கடியில் உள்ள கொட்டலசுகள் வாயைத் திறந்து இறகு போன்ற ஒன்றை வீசி வீசி இழுக்கும். அவை அதன் கால்கள். இளம் பருவத்திலேயே தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுக்கக் காலால் உணவை அள்ளித் தின்கிறது அந்த உயிர்.

கூம்புத் தொப்பி கவிழ்த்தது போலப் பாறையோடு ஒட்டியிருக்கும் நத்தைகளையும் தேடுங்கள். தண்ணீர் வந்ததும் பாசி மேயக் கிளம்பி, வற்றும் முன் அவற்றில் பல தங்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஓட்டின் விளிம்பு பாறையில் சரியாகப் பொருந்தும்படி தேய்ந்த வட்டத் தழும்பு இருக்கும், அதுதான் வீடு. இவற்றின் பல்லை 2015-இல் ஆய்ந்தவர்கள், அதுவரை சோதிக்கப்பட்ட உயிரியல் பொருள்களிலேயே அதுதான் வலுவானது என்று கண்டார்கள். பாறையைச் சுரண்டித் தின்கிற பல் அல்லவா!

கல்லைப் புரட்டிப் பார்த்தால், பார்த்த பிறகு இருந்தபடியே திருப்பி வையுங்கள். அடியில் வாழ்பவை வெயிலில் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

எதைத் தொடக்கூடாது?

வெப்பக் கடல்களில் அழகான கோலம் போட்ட கூம்பு நத்தைகள் உண்டு. அவை நச்சு ஈட்டியை எறியும், மனிதரையே கொன்றிருக்கின்றன. உயிருள்ள எந்தக் கூம்பு வடிவ நத்தையையும் கையில் எடுக்காதீர்கள். நீல வளையம் உள்ள சிறு பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) அப்படியே. கரையில் ஒதுங்கிய சொறிமீன், நீல நிறக் காற்றுப் பை போன்ற போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்ற உயிர் இரண்டும் செத்துக் கிடந்தாலும் கொட்டும். தெரியாத எதையும் கண்ணால் மட்டும் பாருங்கள். குழிக்குள் வெறுங்கையை விடாதீர்கள். பாசி படிந்த பாறை வழுக்கும், செருப்பைவிடப் பிடிப்புள்ள பழைய காலணி மேல்.

எங்கள் ஊரில் பாறையே இல்லை, வெறும் மணல்தான். அப்போது?

மணல் வெறும் மணல் இல்லை. ஒரு பூதக்கண்ணாடியும் சிறு காந்தமும் எடுத்துப் போங்கள். கண்ணாடி போலத் தெரிவது படிகக்கல், சிவப்பு மணி கார்னெட், கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் அல்லது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். காந்தத்தை ஒரு உறையில் போட்டு மணலில் இழுத்தால் மேக்னடைட் மீசை முளைத்தது போல ஒட்டிக்கொள்ளும். உறையை உருவினால் கொட்டிவிடும். பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் பெரும்பங்கு கிளிமீன்கள் பவளத்தைக் கடித்து மென்று கழித்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அந்தப் பயணத்தையே மறக்க மாட்டார்கள்.

ஈர மணலில் காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு கணம் மணல் வெளுத்துக் காயும். மிதித்தால் தண்ணீர் மேலே வரவேண்டும், ஆனால் உள்ளே போகிறது! நெருக்கமாக அடைந்திருந்த மணிகள் மிதிபட்டதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விலகுகின்றன, நடுவே இடைவெளி கூடுகிறது, மேலிருந்த நீர் அதற்குள் இறங்குகிறது. பொறியியல் அறிஞர் ஓஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885-இல் இதை விளக்கினார். அதற்கு முன்னும் கடற்கரையில் நடந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்துத்தான் இருப்பார்கள்.

வெப்பமண்டலக் கரைகளில் வற்றின்போது மணலில் கடுகளவு உருண்டைகள் பூப்போலக் கதிர்கதிராகப் பரவிக் கிடக்கும். விரல் நக அளவு நண்டுகள் மணலைச் சலித்து உணவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டி வைத்தவை அவை. அடுத்த பெருக்கு எல்லாவற்றையும் அழிக்கும், அவை மறுபடி தொடங்கும்.

சிப்பி, சங்கு பொறுக்கி எடுத்து வரலாமா?

பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள் என்பதே என் பதில். முனிவர் நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, காலியான சங்குதான் வீடு. வளர வளரப் பெரிய வீடு தேட வேண்டும். நல்ல சங்கு ஒன்று கிடைத்தால் சில இனங்களில் நண்டுகள் அளவுவாரியாக வரிசையில் நின்று, பெரியது காலி செய்ததில் அடுத்தது புகும். நாம் ஒரு சங்கை எடுத்தால் அந்த வரிசை முழுவதும் நெரிசலான வீட்டில் தங்கிவிடுகிறது. சட்டமும் உண்டு: இத்தாலியின் சார்டினியாவில் மணல், கூழாங்கல், சிப்பி எடுத்துச் செல்வது 2017-இலிருந்து தண்டனைக்குரியது.

கழிமுகத்துக்குப் போனோம், பறவைகள் புள்ளி புள்ளியாகத் தூரத்தில்தான் தெரிந்தன.

வற்றில் போயிருப்பீர்கள். பாறைக்குச் சொன்னதற்கு நேர்மாறு இங்கே. வற்றின்போது சேற்றுப்பரப்பு கிலோமீட்டர் கணக்கில் விரியும், பறவைகள் அதில் சிதறிவிடும். பெருக்கு உச்சத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வந்து ஓரிடத்தில் அமர்ந்திருங்கள். ஏறும் தண்ணீர் அவற்றை உங்கள் பக்கமாகவே தள்ளிக்கொண்டு வரும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அலகைக் கவனியுங்கள். உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, சேற்றின் மேற்பரப்பில் உள்ளதைக் கொத்தும். உள்ளானுக்கு கொஞ்சம் நீளம். மூக்கன், கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்ட வளைந்த அலகுள்ள கரைப்பறவை) போன்றவை அலகு முழுவதையும் சேற்றுக்குள் செருகி ஆழத்தில் உள்ள புழுவை இழுக்கும். ஒரே சேற்றில் ஆளுக்கொரு தளம்.

2022 அக்டோபரில் கருவி பொருத்தப்பட்ட ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு அது. இப்படி வந்து சேரும் பறவைக்கு நாம் பார்க்கும் சேறுதான் சோற்றுப் பானை. கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதை நான் மனதார வெறுக்கிறேன். நாயைக் கூட்டிப் போனால் கயிற்றில் கட்டியே வைத்திருங்கள்.

மணல்மேடுகளில் ஏறி விளையாடலாமா?

வேண்டாம். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் போன்ற செடிகள். அவை வேர் மிதிபட்டால் காயும், காய்ந்த இடத்தில் காற்று மணலை அள்ளும், புயல் நாளில் கடல் அந்த ஓட்டை வழியாக ஊருக்குள் வரும். பாதை இருந்தால் அதில் மட்டும் நடங்கள். உப்புக்கொத்தி போன்றவை வெறும் மணலில் முட்டையிடும், மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும்.

படகுத்துறை பார்க்கத் தகுந்த இடமா?

நிச்சயமாக. படகுகள் கரை சேரும் நேரத்தைக் கேட்டறிந்து போங்கள். பல ஊர்களில் அது விடியற்காலை. ஆனால் அது ஒருவருடைய வேலையிடம். கயிறு இழுபடும் கோட்டில் நிற்காதீர்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள், வலையின் மேல் கால் வைக்காதீர்கள். கைவேலை ஓய்ந்த நேரத்தில் வலை பின்னுகிறவர் பக்கத்தில் அமர்ந்தால், கேட்காமலே ஒரு பாடம் கிடைக்கும்.

கலங்கரை விளக்கத்தில் ஏறக் கட்டணம். வெளியே நின்று பார்க்க என்ன இருக்கிறது?

இரவில் போங்கள். கையில் கடிகாரம் போதும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி மின்னல் முறை உண்டு. இத்தனை விநாடிக்கு இத்தனை வெட்டு என்று. கடலில் இருப்பவர் அதை எண்ணித்தான் எந்த ஊர் விளக்கு என்று அறிவார். நீங்களும் எண்ணுங்கள். அடுத்த ஊர் விளக்கும் தெரிந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒளியை இவ்வளவு தூரம் அனுப்பும் அடுக்குக் கண்ணாடி வில்லையை பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனெல் வடிவமைத்தார். அது முதலில் 1823-இல் பிரான்சின் கோர்துவான் விளக்கத்தில் பொருத்தப்பட்டது.

கரையில் நிற்கிற ஒருவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில்தான். 30 மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். விளக்கை உயரத்தில் வைப்பது ஏன் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். கடலில் சூரியன் மறையும் கரையாக இருந்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்: படுத்தபடி பார்த்திருந்து, சூரியனின் கடைசி விளிம்பு மறைந்த கணமே எழுந்து நில்லுங்கள். சில விநாடிகளுக்குச் சூரியன் மறுபடி தெரியும். விளிம்பு மட்டும் மிஞ்சும்வரை நேராகப் பார்க்காதீர்கள்.

அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது?

இரண்டு அலைக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். நான்கைந்து விநாடி என்றால் பக்கத்துக் காற்று எழுப்பிய அலை. பன்னிரண்டு, பதினான்கு என்று வந்தால் அது எங்கோ தொலைவில் அடித்த புயலின் மிச்சம். 1963-இல் கடலியல் அறிஞர் வால்டர் மங்க் குழுவினர் தென்கடல் புயல்களில் பிறந்த அலைகளைப் பசிபிக் முழுவதும் பின்தொடர்ந்து அலாஸ்கா வரை அளந்தார்கள். உங்கள் காலை நனைக்கிற தண்ணீர் அங்கிருந்து வரவில்லை, வந்தது அசைவு மட்டும்.

குளிக்கலாமா?

காவலர் இருக்கும் இடத்தில், அவர் சொல்லும் எல்லைக்குள். ஒன்றை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அலைகள் வரிசையாக உடையும் கரையில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கறுத்து அமைதியாகத் தெரிந்தால், இறங்க வசதியான இடம் அதுதான் என்று தோன்றும். அங்கேதான் கரைக்கு வந்த நீர் ஒன்றாகச் சேர்ந்து கடலுக்குத் திரும்புகிறது. சில நேரம் அந்த இழுப்பு விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும், ஒலிம்பிக் நீச்சல்காரராலும் எதிர்த்து நிற்க முடியாது. அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்து உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிப் பிறகு திரும்புங்கள்.

இரவில்?

நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். ஊர் விளக்குகளைத் தாண்டி நடந்து, கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள். சில பருவங்களில் அலை உடையும் கோட்டில் நீல ஒளி ஓடும். நாக்டிலூகா போன்ற நுண்ணுயிர்கள் தண்ணீர் கலங்கும்போது ஒளிர்வது அது. வருமா வராதா என்று உறுதியில்லை, வராவிட்டாலும் விண்மீன்கள் இருக்கின்றன. ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் டார்ச்சும் பிளாஷும் கூடவே கூடாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நம்பித்தான் நடக்கும். நம் விளக்கு அவற்றைச் சாலைக்கு அழைத்துவிடும்.

கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் இறங்கிப் பார்க்கலாமா?

ஓடுங்கள். மேட்டை நோக்கி, உடனே. வற்றுக்கு ஆறு மணி நேரம் ஆகும் என்று மேலே சொன்னேன். சில நிமிடங்களில் கடல் பின்வாங்கினால் அது வற்று இல்லை, சுனாமியின் முன்னறிவிப்பு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஃபுகெட்டில், மாய்காவ் கரையில் இருந்த 10 வயது பிரிட்டிஷ் சிறுமி கடல் நடந்துகொண்ட விதத்தைக் கண்டு, சில வாரம் முன் புவியியல் வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து பெற்றோரை எச்சரித்தாள். கரையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். பலமான நிலநடுக்கத்தை உணர்ந்தாலும் எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் ஏறும்போது சிக்கிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

ஓதம் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஏற்றம் முழுவதையும் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் அது ஏறத்தாழ 1, 2, 3, 3, 2, 1 என்று வரும். முதல் மணியில் ஒரே பங்கு, "மெதுவாகத்தானே வருகிறது" என்று தோன்றும். நடு இரண்டு மணி நேரத்தில் பாதிக் கடல் வந்துவிடும். எனக்கே ஒருமுறை அப்படி ஆனது. முனை ஒன்றைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பாறைக் குழிகளில் மூழ்கிவிட்டேன். திரும்பும்போது உலர்ந்த மணலாக இருந்த வழி இடுப்பளவுத் தண்ணீர். அன்றிலிருந்து முனை எதையும் சுற்றும் முன் திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் ஒலிக்க வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள்?

தளர்ந்த மேல்மணல்தான் எதிரி. சரிவு குறைந்த கரைகளில் வற்றின்போது நீர் விட்டுச்சென்ற ஈர மணல் இறுகிக் கிடக்கும், நடக்கவும் சக்கரம் உருளவும் ஏற்றது. காலையில் போங்கள். நிலம் சூடேறியபின் முற்பகலுக்கு மேல் கடற்காற்று எழும்பி, பிற்பகலில் மணலை வாரி அடிக்கும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

காலை வற்று உள்ள நாளாகத் தேர்ந்தெடுங்கள். விடியலுக்கு அரை மணி முன் படகுத்துறை, பிறகு பாறை அல்லது ஈர மணல். உச்சி வெயிலில் மர நிழலில் தூங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பிற்பகல் பெருக்கோடு கழிமுகம். இருட்டியதும் கலங்கரை விளக்கத்தின் வெட்டுகளை எண்ணுங்கள். காலையில் பாறைக்குப் போகும் முன் கரையோரம் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போங்கள். சாயங்காலம் அது எங்கே நிற்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.